12 பேருக்குக் கிரேக்க மெஸே: வியாழன் இரவிலிருந்து சனி இரவு வரை

சனிக்கிழமை மாலை 12 பேர் கூடும் ஒரு விருந்துக்கான தட்டுகள் இவை: ட்ஸாட்ஸிகி (வெள்ளரி கலந்த பூண்டுத் தயிர்), டோல்மடாக்கியா (அரிசி வைத்துச் சுற்றிய திராட்சை இலை), மெலிட்ஸானோசலாட்டா (சுட்ட கத்தரி மசியல்), ஃபாவா (பருப்பு மசியல்), ஸ்பானகோபிட்டா முக்கோணங்கள் (கீரையும் பாலாடைக்கட்டியும் மாவுத்தாளில் மடித்தது), கெஃப்டெடாக்கியா உருண்டைகள் (பொரித்த கொத்துக்கறி), கடைசியில் சகனாக்கி (பொரித்த பாலாடைக்கட்டி). கூடவே ஆலிவ், ரொட்டி, ஒரு கட்டி ஃபெட்டா பாலாடைக்கட்டி. அளவெல்லாம் 12 பேருக்கு. எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும், எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதை நாள்வாரியாக எழுதியிருக்கிறது.

மெஸே வயிறு நிறையச் சாப்பிடுகிற சாப்பாடு அல்ல. ஊஸோ, ட்ஸிபுரோ போன்ற மதுவோடு பேசிக்கொண்டே கொறிப்பதற்கானது. கிரேக்கத்தின் வோலோஸ் துறைமுகத்து ட்ஸிபுரோ கடைகளில் ஒரு சின்னக் குப்பி கேட்டால் ஒரு சின்னத் தட்டும் சேர்ந்து வரும். அடுத்த குப்பிக்கு வேறு தட்டு. 1922இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) அகதிகளாக வந்து அந்த ஊரில் குடியேறியவர்கள் வளர்த்த வழக்கம் அது. வீட்டு விருந்திலும் இந்த ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது. ஏழு தட்டையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பினால் சூடானவை ஆறிவிடும், குளிர்ந்தவை நீர்விட்டுவிடும்.

நீர்விடுவதுதான் இந்தச் சமையலின் தலையாய பிரச்சினை. வெள்ளரி, தயிர், கத்தரி, கீரை, வெண்ணெய், உப்புநீரில் ஊறிய பாலாடைக்கட்டி என்று கையில் எடுக்கும் பொருளிலெல்லாம் தண்ணீர் இருக்கிறது. மசாலா என்று பெரிதாக எதுவும் இல்லாததால் அந்தத் தண்ணீரை மறைக்க வழியில்லை. நேரம் எல்லாம் வடிப்பதற்கும் பிழிவதற்கும்தான் போகும். கைவேலை குறைவு, காத்திருப்பு அதிகம். அதனால்தான் வியாழன் இரவே தொடங்க வேண்டியிருக்கிறது.

வியாழன் இரவு

1.5 கிலோ கெட்டித் தயிர். கொழுப்பு எடுக்காத பாலில் உறைந்தது, அன்று உறைந்ததாகவே இருக்கட்டும். எருமைப்பால் தயிர் என்றால் இன்னும் நல்லது. இரண்டு நாள் புளித்த தயிரை வடித்தால் புளிப்பும் சேர்ந்து செறிந்து, பூண்டோடு சேரும்போது நாக்கைக் கடிக்கும். ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியை வைத்து, அதில் நனைத்துப் பிழிந்த மல்துணியை இரண்டு மடிப்பாக விரித்து, தயிரை ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே தொங்கவிட்டால் வேகமாக வடியும்தான், ஆனால் நம் ஊர் வெயிலில் காலைக்குள் புளித்துவிடும். 12 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீராக இறங்கியிருக்கும். கரண்டியைக் குத்தினால் சாயாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ரொட்டி மாவு பிசையலாம்.

ஃபில்லோ மாவுத்தாள் பொட்டலத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றும் வேலையும் இன்றிரவுதான். இதை மறந்துவிட்டு சனிக்கிழமை காலை எடுத்து மேசையில் வைத்தால், வெளித்தாள்கள் இளகி உள்தாள்கள் பனிக்கட்டியாக இருக்கும். உள்ளேயே நீர் கோத்து, தாளோடு தாள் ஒட்டி, பிரிக்கும்போது கிழியும். ஒட்டிய ஃபில்லோவைப் பிரித்தெடுக்க எந்தத் தந்திரமும் கிடையாது. மைக்ரோவேவ் பக்கமே போகக் கூடாது.

வெள்ளி: திராட்சை இலை

டோல்மடாக்கியாவை முந்தின நாளே செய்துவிட வேண்டும். சுடச்சுடச் சாப்பிட்டால் எண்ணெய் தனியாக, புளிப்பு தனியாகத் தெரியும். ஓர் இரவு ஊறிய பிறகுதான் அரிசியும் இலையும் ஒன்றாகின்றன. இறைச்சி சேர்க்காத இந்த வகைக்கு யலான்ஜி என்று பெயர். துருக்கிய மொழியில் அதற்குப் பொய்யன் என்று பொருள். கறி இருப்பதுபோல் ஏமாற்றுகிறதாம்.

உப்புநீரில் போட்ட இலைப் புட்டி ஒன்று வாங்கினால் 50 இலைக்கு மேல் தேறும். கிழிந்தவற்றையும் தடித்தவற்றையும் பாத்திரத்தின் அடியில் விரிக்க ஒதுக்கிவிட்டு, மீதியைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, இரண்டு முறை பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் உப்பு கரிக்கும். பறித்த பச்சை இலை கிடைத்தால் உப்புப் போட்ட கொதிநீரில் 2 முதல் 3 நிமிடம், பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வரும்வரை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். கிரேக்கத்துத் தெசலிப் பகுதியின் டிர்னவோஸ் ஊரில் ட்ஸிபுரோ காய்ச்சுவதும் இதே ரகத்திலிருந்துதான். ஆனால் பழத்துக்காக வளர்க்கும் தோட்டத்து இலையில் பூச்சிமருந்தும் மயில்துத்தக் கலவையும் படிந்திருக்கும். மருந்தே அடிக்காத வீட்டுப் பந்தல் கொடியின் இலை என்றால் மட்டும் பறிக்கலாம். உள்ளங்கை அளவு, இளசு, கொடியின் நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது இலை.

பூரணத்துக்கு 200 கிராம் பச்சரிசி. குண்டு அரிசியாக இருக்க வேண்டும். பாஸ்மதி உதிரியாக நின்று இலையைக் குத்தும். 300 கிராம் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 75 மில்லி ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் 12 நிமிடம், நிறம் மாறாமல் குழைய வதக்கி, கழுவி வடித்த அரிசியைப் போட்டு 2 நிமிடம் கிளறி, 150 மில்லி தண்ணீர் ஊற்றி அது வற்றியதும் இறக்க வேண்டும். அரிசி கால்வாசிதான் வெந்திருக்கும். ஆறியபின் ஒரு கைப்பிடி சதகுப்பைக் கீரை, அரைக் கைப்பிடி புதினா, நாலு வெங்காயத்தாள், உப்பு, மிளகு, ஓர் எலுமிச்சையின் சாறு.

சுற்றுவதில்தான் கைப்பழக்கம். இலையின் பளபளப்பான பக்கம் கீழே, நரம்பு புடைத்த பக்கம் மேலே, காம்பு வெட்டிய முனை நம்மைப் பார்க்க. காம்படியில் ஒரு டீஸ்பூன் பூரணம், சுண்டுவிரல் நீளத்துக்கு. கீழிரு மடல்களை அதன்மேல் மடித்து, இரண்டு ஓரங்களையும் உள்ளே தள்ளி, மேல்நோக்கி உருட்ட வேண்டும். இறுக்கக் கூடாது. அரிசி இனிமேல்தான் ஊதப்போகிறது. இறுக்கமாகச் சுற்றியது பாத்திரத்தில் வெடித்துக் கஞ்சியாகும். தளர்வாகச் சுற்றினால் பிரிந்துவிடாதா என்றால், பிரியாமல் காப்பது சுற்றும் இறுக்கம் அல்ல, அடுக்கும் நெருக்கம். ஒதுக்கிய இலைகளை அடியில் விரித்து, மடிப்பு கீழே இருக்குமாறு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வட்டமாக அடுக்க வேண்டும். நடுவில் இடம் மிஞ்சினால் உருளைக்கிழங்குத் துண்டு வைத்தாவது அடைக்க வேண்டும். மேலே 75 மில்லி எண்ணெய், அரை எலுமிச்சைச் சாறு, ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, தட்டின் விளிம்பைத் தொடும் அளவுக்குக் கொதிநீர். மூடி போட்டு மிகச் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். தளதளவென்று கொதித்தால் தட்டையும் மீறி உருளும்.

இறக்கியதும் மீதி அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் காற்றுப் பட்ட இலை கறுத்துக் காயும். ஆறும்போது மிச்சத் தண்ணீரை அரிசி இழுத்துக்கொள்ளும்.

வெள்ளி இரவுக்குள் இன்னும் ஒரு வேலை. பூண்டு 3 பல்லைத் துருவி, 1½ டேபிள்ஸ்பூன் வினிகரில் 10 நிமிடம் ஊறவைத்து, வடித்த தயிரில் கலந்து மூடிவைக்கலாம். பூண்டை நசுக்கிய கணத்திலிருந்து காரம் உருவாகிக்கொண்டே போகும். புளிப்பு பட்டால் அந்த வேலை மட்டுப்படும். வினிகரில் ஊறாத பூண்டைத் தயிரில் போட்டால் மறுநாள் மாலை அதன் வீச்சம் மட்டும்தான் மிஞ்சும்.

சனி காலை: கீரையும் ஃபில்லோவும்

500 கிராம் பாலக் கீரை, தண்டு நீக்கி. வாணலியில் எண்ணெய் இல்லாமல், அலசிய ஈரத்திலேயே வாட்டி, வடிகட்டியில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிழிய வேண்டும். ஒரே பெரிய உருண்டையாகப் பிழிந்தால் நடுவில் தண்ணீர் தங்கும். எலுமிச்சம்பழ அளவுக்குப் பிரித்து, ஒவ்வொன்றாக, சொட்டு நிற்கும்வரை. பிறகு நறுக்கி, நறுக்கியபின் இன்னொரு முறை துணியில் போட்டு முறுக்க வேண்டும். இந்த இரண்டாவது பிழிதலைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அப்போது வரும் இரண்டு மூன்று ஸ்பூன் பச்சைத் தண்ணீர்தான் முக்கோணத்தின் அடியை ஊறவைத்துவிடும்.

இதோடு 250 கிராம் ஃபெட்டா, பொடித்து. 100 கிராம் வெங்காயத்தாளை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கியது, சதகுப்பைக் கீரை, ஒரு முட்டை, மிளகு. உப்பு வேண்டவே வேண்டாம், ஃபெட்டாவில் இருப்பதே போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கே உரியது: குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது பதப்படுத்தியது. உப்புநீரில் அமிழ்ந்து வரும் கட்டியாக வாங்க வேண்டும். பொடித்து அடைத்து வருவதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், நாக்கில் அது தெரியும். ஃபெட்டாவுக்குப் பதில் பனீர் போட்டால் வடிவம் வரும், சுவை வராது. பனீர் எலுமிச்சையில் திரிந்த அன்றே முடிந்துபோகிற பொருள். புளிப்பும் உப்பும் முதிர்ச்சியும் அதில் இல்லை.

தாளுக்குப் பூச வெண்ணெயை விட நெய் நல்லது. வெண்ணெயில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அது தாளுக்குத் தாள் ஆவியாகி முறுமுறுப்பைக் கெடுக்கும். கிரேக்கத்திலும் இதுபோல் ஃபில்லோவில் சுடும் பிட்டாவுக்கு வெண்ணெயை உருக்கித் தெளியவைத்துத்தான் பூசுவார்கள். 120 கிராம் நெய், கைச்சூட்டில் உருகியது. கொதிக்கக் கொதிக்கப் பூசினால் தாள் சுருங்கும்.

450 கிராம் பொட்டலத்தில் ஏறத்தாழ 12 தாள் இருக்கும், 30க்கு 40 சென்டிமீட்டர். விரித்தவுடன் மேலே ஒரு உலர்ந்த துணி, அதன்மேல் ஈரத்துணி. ஈரத்துணி நேரடியாகப் பட்டால் தாள் பசையாகும். துணியே இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் சருகாகும். ஒரு தாள், நெய், அதன்மேல் இன்னொரு தாள், நெய். நீளவாக்கில் நான்காக வெட்டினால் 7.5 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள். இப்படி 6 ஜோடிக்கு 24 முக்கோணம், ஆளுக்கு இரண்டு. பட்டையின் அடியில் மூலையோரமாக ஒரு டேபிள்ஸ்பூன் பூரணம், மூலையை எதிர் ஓரத்துக்குக் கொண்டுபோய் முக்கோணமாக மடித்து, பிறகு நேரே, பிறகு குறுக்கே என்று கடைசிவரை மடிக்க வேண்டும். முதல் மடிப்பில் முனை சரியாக மூடாவிட்டால் பூரணம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். பூரணத்தைக் கூட்டினாலும் அதே கதிதான், உள்ளே எழும் நீராவி தாளைப் பிளக்கும்.

மேலே நெய் தடவி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். மாலையில் உறைந்தபடியே ஓவனுக்குப் போகட்டும். வெளியே வைத்து இளகவிட்டால் காலையில் பிழிந்த பிழிசலெல்லாம் வீண், நீர் திரும்பக் கோக்கும்.

சனி மதியம்: கத்தரியும் ஃபாவாவும்

கத்தரிக்காய் 1.5 கிலோ, பெரிய குண்டுக்காய். தென் கிரேக்கத்துப் பெலப்பொனிசின் லெயோனிடியோ ஊரில் ஊதாக் கோடு போட்ட நீளக் கத்தரி ஒன்று விளைகிறது, கசப்பே இருக்காது. அது இல்லாதபோது விதை குறைந்த, தூக்கினால் லேசாகத் தெரிகிற காயாகத் தேடினால் போதும். முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டு நேரடித் தீயில் சுட வேண்டும். குத்தாத காய் வெடிக்கும். தோல் முழுக்கக் கருகி, காம்பருகே அழுத்தினால் விரல் இறங்கும்வரை, 15 முதல் 20 நிமிடம். ஓவனில் மட்டும் வேகவைத்தால் புகைமணம் வராது, வெறும் வெந்த கத்தரிதான்.

நீளவாக்கில் கீறி, சதையைச் சுரண்டி, வடிகட்டியில் ஒரு சிட்டிகை உப்போடு அரை மணி நேரம் விட வேண்டும். பழுப்பாகக் கசப்புத் தண்ணீர் இறங்கும். சுட்ட தோலைக் குழாயடியில் கழுவிவிடும் பழக்கம் இருந்தால் அதை இங்கே விட்டுவிட வேண்டும், புகைமணம் தண்ணீரோடு போய்விடும். சதையைக் கத்தியால் கொத்தினால் போதும். மிக்ஸியில் போட்டால் விதை நொறுங்கிக் கசக்கும், சதை பசைபோல் ஆகும். கொத்திய உடனே எலுமிச்சைச் சாறு, அப்போதுதான் கறுக்காது. பிறகு ஒரு பல் பூண்டு, 80 மில்லி ஆலிவ் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முள்கரண்டியால் அடித்து, பார்ஸ்லி.

ஃபாவா எளிது. சாண்டோரினித் தீவின் ஃபாவா லதிரஸ் என்ற தாவரப் பேரினத்துப் பருப்பு. அது கிடைக்காத இடத்தில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு சரியாக ஈடுகொடுக்கும். துவரம்பருப்பு வாசனையை மாற்றிவிடும். 500 கிராம் பருப்பு, 1.5 லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம். நுரையை எடுத்துவிட்டு, மூடி பாதி திறந்து, 45 முதல் 60 நிமிடம். கடைசி கால் மணி நேரம் அடிபிடிக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். 100 மில்லி எண்ணெய், எலுமிச்சை, உப்பு சேர்த்து அரைத்து, தோசைமாவுப் பதத்தில் நிறுத்த வேண்டும். ஆறினால் அதுவே கெட்டியாகிவிடும். சூடாக இருக்கும்போதே கெட்டியாக இருந்தால் ஆறியபின் கத்தியால் வெட்ட வேண்டிவரும். மேலே பச்சை வெங்காயம், கேப்பர் (ஊறுகாய் போட்ட பூமொட்டு), எண்ணெய்.

மாலை 4 மணி

வெள்ளரி 500 கிராம், விதைப்பகுதி நீக்கித் துருவி, ஒரு டீஸ்பூன் உப்பில் 20 நிமிடம். பிழிந்தால் எடை பாதிக்கும் கீழே வரும். பூண்டு ஊறிய தயிரில் இதைக் கலப்பது பரிமாறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு பிழிந்தாலும் ஓர் இரவு நின்றால் வெள்ளரி மறுபடி நீர்விடும். கரண்டியால் புரட்டிக் கலந்தால் போதும், மத்தோ மிக்ஸியோ பட்டால் வடித்த தயிரும் இளகிவிடும். 3 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், சதகுப்பை. மேலே தண்ணீர் மிதந்தால் கிளறாமல் சாய்த்து ஊற்றிவிட வேண்டும்.

கெஃப்டெடாக்கியா மட்டும் இந்த வரிசையில் வேறு ரகம். இதில் தண்ணீர் வேண்டும். 750 கிராம் கொத்துக்கறி, மாட்டுக்கறியோ ஆட்டுக்கறியோ, கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கட்டும். 120 கிராம் பழைய ரொட்டியை ஓரம் நீக்கித் தண்ணீரில் நனைத்து லேசாகப் பிழிந்தது. ஒரு பெரிய வெங்காயம் துருவியது, சாறோடு. வெங்காயச் சாற்றைப் பிழிந்துவிட்டால் உருண்டை கல்லாகும். ரொட்டி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து, கறி சுருங்கும்போது உள்ளேயே நிறுத்துகிறது. ஒரு முட்டை, புதினா, ஓரிகானோ, ஒரு ஸ்பூன் வினிகர், 12 கிராம் உப்பு. ஐந்து நிமிடம் பிசைந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். 25 கிராம் உருண்டைகளாக 40 வரும். மாவில் உருட்டி உதறி, 170 டிகிரி எண்ணெயில் ஏழெட்டாகப் பொரிக்க வேண்டும். ஒரே ஈட்டில் இருபதைப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, மாவு எண்ணெய் குடிக்கும்.

மாலை 6:30 முதல்

டோல்மடாக்கியா, ஃபாவா, கத்தரி மூன்றையும் அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிட வேண்டும். குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்து வாய்க்கு மெழுகாகத் தெரியும். ட்ஸாட்ஸிகி மட்டும் கடைசி நிமிடம்வரை உள்ளே. ரொட்டி மொத்தம் ஒன்றரைக் கிலோ.

ஊஸோ பரிமாறுவதாக இருந்தால் குவளையில் முதலில் ஊஸோ, பிறகு குளிர்ந்த தண்ணீர், கடைசியில்தான் பனிக்கட்டி. தண்ணீர் பட்டதும் பால்போல் வெளுப்பது சோம்பின் மணத்துக்குக் காரணமான அனிதோல் பிரிவதால். பனிக்கட்டியை முதலில் போட்டால் அது படிகமாகி மேலே மிதக்கும். மது குடிக்காதவர்களுக்கு எலுமிச்சைச் சாறு இந்தத் தட்டுகளோடு நன்றாகவே போகும்.

7:15க்கு முக்கோணங்கள் ஓவனுக்கு. 180 டிகிரி, முன்னரே சூடேறியது, கீழ்த்தட்டு. உறைந்தவை என்பதால் 35 நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததை நம்பி எடுத்துவிடக் கூடாது. ஒன்றைக் கவிழ்த்து அடியையும் பார்க்க வேண்டும். அடி வெளுத்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். எடுத்ததும் கம்பித்தட்டில். குழிந்த பாத்திரத்தில் குவித்து மூடினால் நீராவியில் பத்தே நிமிடத்தில் தொய்ந்துவிடும்.

8 மணிக்கு உருண்டைகள். அவை காலியாகும்போது சகனாக்கி.

சகனாக்கி என்பது பாலாடைக்கட்டியின் பெயர் அல்ல, இரண்டு காது வைத்த அந்தச் சின்ன வாணலியின் பெயர். கெஃபலோட்டிரி அல்லது கிராவியெரா என்ற கெட்டிப் பாலாடைக்கட்டி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் 6 துண்டு, துண்டு 100 கிராம். மெல்லியதாக வெட்டினால் உள்ளே உருகுவதற்குள் வெளியே ஓடிவிடும். சைப்ரஸின் ஹலூமியும் சரிவரும். குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்தோடு மைதாவில் புரட்டி, அதிகப்படி மாவை உதற வேண்டும். ஈரமில்லாவிட்டால் மாவு பிடிக்காது. மாவு பிடிக்காத இடத்தில் கட்டி வாணலியோடு ஒட்டும். எண்ணெய் இரண்டு மில்லிமீட்டர் உயரம், நல்ல சூடு. ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். பிராந்தி ஊற்றித் தீ வைக்கும் வழக்கம் சிகாகோ நகரத்துக் கிரேக்க உணவகங்களில் 1960களில் வந்தது. கிரேக்கத்தில் எலுமிச்சைதான். அதையும் மேசையில் வைத்துத்தான் பிழிய வேண்டும், அடுப்படியில் பிழிந்தால் வந்து சேர்வதற்குள் மேலோடு ஊறிவிடும். இரண்டிரண்டு துண்டாகப் பொரித்து, வாணலியோடு கொண்டுபோய் வைத்து, அது தீர்ந்தபின் அடுத்த இரண்டு. ஐந்து நிமிடம் ஆறினால் ரப்பராகிவிடும் என்பதால், சமைப்பவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லோரையும் மேசைக்கு அழைத்துவிடலாம்.